பின் டீரெய்லருக்குப் புதிய ஜாக்கி புல்லி வாங்குவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

கியர் சைக்கிளின் பின் சக்கரத்தருகே குனிந்து பார்த்தால், பல்சக்கர அடுக்கான கேசட்டுக்குக் கீழே தொங்கும், கியர் மாற்றும் கருவியான டீரெய்லரின் இரண்டு தகடுகளுக்கு நடுவில், ஒன்றன் கீழ் ஒன்றாக இரு சின்னப் பல்சக்கரங்கள் தெரியும். இவற்றை ஜாக்கி வீல் என்றும் புல்லி என்றும் சொல்வார்கள், இரண்டும் ஒன்றுதான். செயின் தேய்ந்ததா என்று அளந்து பார்ப்பவர்கள்கூட இவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் மிதிக்கும்போது அதிகம் சுழல்பவை இவைதான். மிதியோடு இணைந்த முன் பல்சக்கரமான செயின்ரிங்கில் 50 பல் இருந்து, நிமிடத்துக்கு 90 முறை மிதித்தால் 4,500 பல் அளவு செயின் ஓடுகிறது. 11 பல் உள்ள புல்லி அதே ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 409 சுற்று சுற்றியாக வேண்டும். மழைச் சேறும் சாலைத் தூசியும் முதலில் வந்து படியும் இடமும் இதுவே.

என் சைக்கிளில் முதன்முறை இவற்றை மாற்றியபோது நான் பார்த்தது இரண்டே விஷயங்கள்: பல் எண்ணிக்கை, நிறம். சிவப்பு அலுமினியத்தில் பளபளவென்று ஓர் இணை கிடைத்தது. பல் எண்ணிக்கையும் பொருந்தியது. மாட்டிய நாளிலிருந்து கேசட்டின் நடுப் பல்சக்கரங்களில் செயின் முனகிக்கொண்டே இருந்தது. கேபிளை இறுக்கினால் ஒரு பக்கம் சரியாகும், மறுபக்கம் கெடும். மூன்று வாரம் கேபிளோடு மல்லுக்கட்டிய பிறகுதான் கோளாறு புல்லியில் என்று விளங்கியது. அங்கே நான் கவனிக்கத் தவறியதுதான் இந்த வழிகாட்டியின் முதல் செய்தி.

மேல் புல்லி வேறு, கீழ் புல்லி வேறு

மேலே இருப்பது வழிகாட்டும் புல்லி. ஷிஃப்டரை அழுத்தும்போது செயினை இடமும் வலமும் நகர்த்தி, வேண்டிய பல்சக்கரத்துக்கு நேரே கொண்டுபோய் நிறுத்துவது இதன் வேலை. கீழே இருப்பது இழுவைப் புல்லி. புல்லிகளைத் தாங்கும் இரு தகட்டுக் கூண்டான கேஜின் ஸ்பிரிங் விசையோடு சேர்ந்து, செயினின் தளர்ந்த பகுதி தொங்காமல் இழுத்து வைத்திருப்பதுதான் அதன் வேலை. ஒரே அளவில், ஒரே நிறத்தில் இருந்தாலும் பல டீரெய்லர்களில் இவை ஒன்றுக்கொன்று மாற்றாகா.

ஜப்பானிய சைக்கிள் பாக நிறுவனமான ஷிமானோ 1984இல் டியூரா-ஏஸ் 7400 வரிசையோடு எஸ்.ஐ.எஸ். என்ற முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு 'கிளிக்'குக்கும் டீரெய்லர் ஒரு குறிப்பிட்ட தூரம் மட்டுமே நகரும் ஏற்பாடு அது. அதற்கு முன்பு, செயின் சரியாக உட்கார்ந்ததா என்று சத்தத்தை வைத்துக் கண்டறிந்து, லீவரைக் கையால் கொஞ்சம் முன்னும் பின்னும் திருத்துவார்கள். கிளிக் முறையில் அந்தத் திருத்தத்துக்கு இடமில்லை. கேபிள் கொஞ்சம் நீண்டிருக்கலாம், டீரெய்லரைச் சட்டத்தோடு பிணைக்கும் ஹேங்கர் இம்மி வளைந்திருக்கலாம். அந்தச் சிறு பிழையை யாராவது பொறுத்துக்கொண்டாக வேண்டும். அதைத்தான் ஷிமானோவின் மேல் புல்லி செய்கிறது. அதன் அச்சில் பக்கவாட்டில் சற்று நகர இடம் விட்டிருப்பார்கள். செயின் எந்தப் பல்சக்கரத்தில் ஓடுகிறதோ அதற்கு நேராகப் புல்லி தானே போய் நிற்கும். இந்த ஏற்பாட்டுக்கு அந்நிறுவனம் இட்ட பெயர் சென்டரான்.

இதை அறியாதவர் மேல் புல்லியை விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஆட்டம் வந்துவிட்டது, தேய்ந்துவிட்டது" என்று முடிவு கட்டிவிடுவார். புதுப் பெட்டியிலிருந்து எடுத்த புல்லியும் அப்படித்தான் ஆடும். நான் வாங்கிய சிவப்பு இணையில் இந்த நகர்வு அறவே இல்லை. இரண்டு புல்லிகளும் அச்சு அசலாக ஒன்றே. நகர்வற்ற மேல் புல்லி தவறானது என்று சொல்ல வரவில்லை. வேறு சில நிறுவனங்களின் டீரெய்லர்கள் அதை வைத்தே வடிவமைக்கப்பட்டவை. அவை நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் நகர்வுள்ள புல்லியை எதிர்பார்க்கும் டீரெய்லரில் நகர்வற்றதை மாட்டினால், கேபிளும் ஹேங்கரும் மிகத் துல்லியமாக இருந்தாக வேண்டும். பழைய கேபிள், பல முறை கீழே விழுந்து எழுந்த சைக்கிள் என்றால் அந்தத் துல்லியத்தை எதிர்பார்ப்பது கடினம். ஆகவே வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: மேல் புல்லிக்குத் தனி வடிவம் உண்டா, அதற்குப் பக்கவாட்டு நகர்வு உண்டா?

மாற்றத்தான் வேண்டுமா?

புல்லி மாற்றத்துக்காகக் கொண்டுவரப்படும் சைக்கிள்களில் பலவற்றுக்குத் தேவைப்படுவது சுத்தம் செய்வதும் ஒரு சொட்டு எண்ணெயும்தான். மிதிக்கும்போது சிட்டுக்குருவி போலக் 'கீச் கீச்' என்று சத்தம் வந்தால், அது பெரும்பாலும் புல்லியின் நடுவில் உள்ள குழலான புஷ் வறண்டுபோனதன் அறிகுறி. கழற்றித் துடைத்து, மெல்லிய கிரீஸ் பூசி மீண்டும் மாட்டினால் சத்தம் நின்றுவிடும். அதன் பிறகும் நிற்கவில்லை என்றால் புதிது வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

மெய்யான தேய்மானத்தை மூன்று இடங்களில் தேட வேண்டும். முதலாவது பற்கள். புதுப் புல்லியின் பல் முனை தட்டையாகவோ மழுங்கலாகவோ இருக்கும். தேய்ந்ததன் முனை முள்ளைப் போலக் கூராகி, இரு பற்களுக்கு இடையிலான பள்ளம் அகன்றிருக்கும். இரண்டாவது, அச்சுக்குக் குறுக்கான ஆட்டம். செயினைப் புல்லியிலிருந்து விலக்கிவிட்டு, புல்லியின் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். பக்கவாட்டு ஆட்டம் வடிவமைப்பில் உள்ளது. மேலும் கீழுமாக உள்ள ஆட்டமோ புஷ் தேய்ந்ததன் அடையாளம். மூன்றாவது சுழற்சி. குண்டுகளை மூடி அடைத்த சீல்டு பேரிங் உள்ள புல்லியை விரலால் மெதுவாகத் திருப்பும்போது மணல் அரைபடுவது போன்ற உணர்வு வந்தாலோ, ஓரிடத்தில் சிக்கிச் சிக்கி நகர்ந்தாலோ பேரிங் போய்விட்டது. கடற்கரைச் சாலையில் தினமும் ஓடும் சைக்கிளில், உப்புக் காற்றின் புண்ணியத்தில், பற்கள் நன்றாக இருக்கும்போதே பேரிங் துருப்பிடித்து நின்றுவிடுவதுண்டு. புல்லி சுழலாமல் நின்றுபோனால் செயின் அதன் மேல் உராய்ந்தபடி ஓடிப் பல்லையே சீவிவிடும்.

பல் கூராகிவிட்டதே, புதுச் செயினைக் கெடுத்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. செயின்ரிங்கும் கேசட்டும் மிதியின் முழு விசையைச் சுமப்பவை; அவை தேய்ந்தால் புதுச் செயினையும் இழுத்துக்கொண்டு போகும். புல்லி இருப்பதோ தளர்ந்த பக்கத்தில். அங்கே ஸ்பிரிங்கின் இழுவை மட்டுமே உண்டு. தேய்ந்த புல்லியால் வரும் முதல் இழப்பு கியர் மாறும் நேர்த்திதான்.

இன்னொன்றையும் வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். டீரெய்லரின் கேஜைப் பிடித்து உள்ளும் வெளியும் அசைத்தால் அதன் மூட்டுகள் தளதளவென்று ஆடுகின்றனவா? பின்னாலிருந்து பார்க்கும்போது இரண்டு புல்லிகளும் கேசட்டுக்கு இணையாக ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்கின்றனவா, அல்லது கீழ்ப் புல்லி சக்கரத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறதா? சாய்ந்திருந்தால் ஹேங்கர் வளைந்திருக்கிறது. மூட்டுகள் தேய்ந்த டீரெய்லருக்கும் வளைந்த ஹேங்கருக்கும் புதுப் புல்லி மருந்தாகாது.

பழையதைக் கையில் எடுத்துப் பாருங்கள்

டீரெய்லரின் உள்பக்கத்திலோ கேஜின் பின்புறத்திலோ பொடி எழுத்தில் மாடல் எண் இருக்கும். ஷிமானோ என்றால் 'ஆர்.டி.' என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் எண் அது. கையில் உள்ள சைக்கிளின் பெயரையோ 'பதினோரு ஸ்பீடு' (கேசட்டில் பதினோரு பல்சக்கரங்கள்) என்பதையோ மட்டும் சொல்லி வாங்கக் கூடாது. ஒரே பெயர் கொண்ட வரிசையில் தலைமுறைக்குத் தலைமுறை புல்லி மாறியிருக்கிறது. ஷிமானோ ஒவ்வொரு டீரெய்லருக்கும் பாகங்களைப் பிரித்துக் காட்டும் வரைபடத்தைத் தன் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதில் மேல், கீழ் புல்லி இணைக்கான பாக எண் 'ஒய்' என்ற எழுத்தில் தொடங்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போனால் பாதி வேலை முடிந்தது.

மாடல் எண் அழிந்துபோயிருந்தால் பழைய புல்லியே சாட்சி. ஒரு பல்லின் மீது பேனாவால் புள்ளி வைத்துவிட்டு எண்ணத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் எங்கே தொடங்கினோம் என்று மறந்து, பத்தா பதினொன்றா என்ற குழப்பம் வரும். பழைய, எளிய டீரெய்லர்களில் 10 பல் புல்லிகளைக் காணலாம். ரோடு சைக்கிள்களில் பல ஆண்டுகளாக 11 பல் புல்லியே வழக்கம். ஷிமானோவின் 12 ஸ்பீடு மலைச் சைக்கிள் வரிசைகளான எக்ஸ்.டி.ஆர். எம்9100, டியோர் எக்ஸ்.டி. எம்8100 ஆகியவற்றில் இரண்டும் 13 பல். அமெரிக்க நிறுவனமான ஸ்ராமின் ஈகிள் வரிசையில் மேலே 12, கீழே 14.

ஈகிள் புல்லிகள் இரட்டைப்படையில் இருப்பதற்குக் காரணம் உண்டு. செயினில் உள் கண்ணியும் வெளிக் கண்ணியும் மாறி மாறி வரும். உள் கண்ணியின் இடைவெளி குறுகல், வெளிக் கண்ணியுடையது அகலம். அதற்கேற்ப ஒரு பல் தடிப்பாகவும் அடுத்த பல் மெல்லியதாகவும் செய்தால் செயின் எளிதில் நழுவாது. இந்த ஒன்றுவிட்டு ஒன்று அமைப்பு ஒரு சுற்று முடிந்து மீண்டும் பொருந்த வேண்டுமானால் பற்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாகத்தான் இருக்க முடியும். 11 பல்லிலோ 13 பல்லிலோ இப்படிச் செய்ய இயலாது. உங்கள் பழைய புல்லியில் தடிப்பும் மெலிவும் மாறி மாறி வந்தால், அதே வகையைத்தான் வாங்க வேண்டும். மாட்டும்போது தடித்த பல் வெளிக் கண்ணிக்குள் உட்காருகிறதா என்று பார்த்து மாட்ட வேண்டும்.

அடுத்து வெர்னியர் காலிப்பரை எடுங்கள். மூன்று அளவுகள் தேவை: போல்ட் நுழையும் துளையின் விட்டம், பல்லின் தடிமன், இருபுறத் தூசி மூடிகளையும் சேர்த்து நடுப்பகுதியின் மொத்த அகலம். துளை பெரும்பாலும் 5 மி.மீ. போல்ட்டுக்கானதாக இருக்கும், வேறாக இருந்தால் வெளிச்சந்தைப் புல்லிகள் சில உடன் தரும் குழல் போன்ற சிறு இணைப்பான்களால் சரிக்கட்டலாம். பல் தடிமன் செயினைப் பொறுத்தது. ஸ்பீடு கூடக் கூடச் செயின் ஒல்லியாகும்: 8 ஸ்பீடு செயினின் வெளி அகலம் ஏறத்தாழ 7.1 மி.மீ., 11 ஸ்பீடில் அது 5.5 மி.மீ. அளவுக்கு இறங்கிவிடுகிறது. தடித்த பல் கொண்ட பழைய புல்லியில் ஒல்லிச் செயின் ஏறி ஏறி இறங்கும். மறுதிசையில், 11 ஸ்பீடு புல்லியில் 9 ஸ்பீடு செயின் ஓடுவதில் பெரிய தொல்லை இருப்பதில்லை.

மூன்றாவதான மொத்த அகலத்தைத்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். கேஜின் இரண்டு தகடுகளுக்கு இடையே புல்லியின் நடுப்பகுதி தூணைப் போல நிற்கிறது. அது அரை மி.மீ. கூடினால் தகடுகள் விரிந்து நிற்கும். குறைந்தால் போல்ட்டை இறுக்கும்போது தகடுகள் உள்நோக்கி வளைந்து, தூசி மூடி புல்லியின் பக்கத்தில் அழுத்தி, புல்லி பிரேக் போட்டதுபோல் நின்றுவிடும். போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் சுழலும், இறுக்கினால் நிற்கும் என்றால் சிக்கல் இந்த அகலத்தில்தான். தளர்வாகவே விட்டுவிடலாம் என்ற யோசனை மட்டும் வேண்டாம். நடுவழியில் போல்ட் கழன்று விழுந்தால் கேஜே பிரிந்துவிடும்.

புஷ்ஷா, பேரிங்கா, செராமிக்கா?

புல்லியின் நடுப்பகுதி மூன்று விதமாக வருகிறது. எளிய டீரெய்லர்களில் ஓர் எஃகுக் குழல். அதன் மேல் பிளாஸ்டிக் சக்கரம் நேரடியாகச் சுழலும். அதற்கு மேலான சில வரிசைகளில் அந்தக் குழல் பீங்கானால் ஆனது. உயர் வரிசைகளில் குண்டுகள் கொண்ட சீல்டு பேரிங். டியூரா-ஏஸில் இரண்டு புல்லிகளுக்கும் இதுதான்.

இங்கே சொற்குழப்பம் ஒன்று காத்திருக்கிறது. 'செராமிக் புஷ்' என்பதும் 'செராமிக் பேரிங்' என்பதும் வேறு வேறு. முன்னது குண்டுகளே இல்லாத வெறும் பீங்கான் குழல். விலை குறைவு, தேய்மானமும் குறைவு. பின்னது சிலிக்கான் நைட்ரைடு குண்டுகளைக் கொண்ட பேரிங்; பெரும்பாலும் வளையங்கள் எஃகாகவே இருக்கும், குண்டுகள் மட்டுமே பீங்கான். விளம்பரத்தில் 'செராமிக்' என்ற ஒற்றைச் சொல்லைப் பார்த்துவிட்டு, எது என்று கேட்காமல் பணம் கட்டக் கூடாது.

செராமிக் பேரிங் இலகுவாகச் சுழலும் என்பது உண்மை. கடையில் புல்லியை விரலால் தட்டிவிட்டு அது நெடுநேரம் சுழல்வதைக் காட்டுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் விரல் தட்டலில் சுமை இல்லை, மழை இல்லை, செயின் இல்லை. அப்படி இலகுவாகச் சுழல்வதற்காகவே சீலை மெல்லியதாகவும் கிரீஸைக் குறைவாகவும் வைத்திருப்பார்கள். அதே காரணத்தால் தண்ணீரும் எளிதில் உள்ளே போகும். பந்தயத்தில் விநாடிகளை எண்ணுபவருக்கு அது பொருந்தலாம். மழையிலும் வேலைக்குப் போய்த் திரும்புபவருக்கும், 200 கி.மீ. பிரெவே என்ற நெடுந்தூர ஓட்டம் ஓட்டுபவருக்கும் நல்ல ரப்பர் சீல் உள்ள சாதாரண எஃகு பேரிங்கையே நான் சொல்வேன். எளிய புஷ்ஷையும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். மாதம் ஒருமுறை கழற்றித் துடைத்துக் கிரீஸ் பூசும் பழக்கம் உள்ளவரிடம் அது ஆண்டுக்கணக்கில் உழைக்கும். துருப்பிடித்து இறுகிப்போவதற்கு அதில் குண்டுகளே இல்லை.

பேரிங் வகையில் ஒரு வசதியும் உண்டு. சில புல்லிகளில் பேரிங்கை மட்டும் அழுத்தி வெளியே எடுத்துப் புதிதாகப் போடலாம். பற்கள் நன்றாக இருந்து பேரிங் மட்டும் போயிருந்தால், பேரிங்கின் சீல் மீது அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து அதை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். வெளிவளையத்தின் மீது மட்டும் அழுத்தம் படுமாறு பொருத்த வேண்டும். உள்வளையத்தை அழுத்தினால் புதுப் பேரிங் மாட்டும்போதே பழுதாகும்.

பிளாஸ்டிக்கா, அலுமினியமா?

உயர்விலை டீரெய்லரிலும் பிளாஸ்டிக் புல்லியைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. அது வாளி செய்யும் பிளாஸ்டிக் அல்ல. நைலான் போன்ற, தேய்மானம் தாங்கும் கெட்டியான ரெசின். செயினின் சத்தத்தை அது உறிஞ்சிக்கொள்கிறது. கண்ணி தவறி உட்கார்ந்தால் நெகிழ்ந்துகொடுக்கிறது. அலுமினியம் நிறத்தில் அழகு. ஆனால் சத்தம் கூடும், கறுப்புப் பசையும் அதிகம் சேரும். அதன் நிறப்பூச்சு பல் முனையில் சில வாரங்களிலேயே போய்விடும். அன்றாட ஓட்டத்துக்கு ரெசின் போதும் என்பது என் முடிவு.

பெரிய புல்லி மாட்டினால் வேகம் கூடுமா?

17 பல், 19 பல் என்று தட்டுப்போல் பெரிய புல்லிகளைப் பந்தயச் சைக்கிள்களில் பார்த்திருப்பீர்கள். டென்மார்க்கின் செராமிக்ஸ்பீட் போன்ற நிறுவனங்கள் இவற்றை, தனிக் கேஜோடு சேர்த்து விற்கின்றன. இதன் பின்னுள்ள கணக்கு சரியானதே: புல்லி பெரிதானால் செயினின் ஒவ்வொரு மூட்டும் வளையும் கோணம் குறைகிறது, சுழற்சியும் குறைகிறது, ஆகவே உராய்வு குறைகிறது. ஆனால் குறைவது தளர்ந்த பக்கத்து உராய்வு. அது தொடக்கத்திலேயே சிறிது. இந்தத் தொகுப்பின் விலையோ பல நேரங்களில் முழு டீரெய்லரின் விலையைத் தாண்டிவிடும். செயினை ஒழுங்காகக் கழுவி எண்ணெயிட்டால் கிடைக்கும் பலன் இதைவிடப் பெரிது, செலவும் இல்லை.

கேஜை மாற்றாமல் புல்லியை மட்டும் பெரிதாக்குவது வேறு கதை. செயினின் ஒரு கண்ணி அளவு அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. இதிலிருந்து கணக்கிட்டால் 11 பல் புல்லியில் செயின் ஓடும் வட்டத்தின் விட்டம் சுமார் 45 மி.மீ., 13 பல்லில் 53 மி.மீ. அதாவது மேல் புல்லியின் விளிம்பு கேசட்டை நோக்கி 4 மி.மீ. நெருங்கிவிடும். பெரிய பல்சக்கரத்துக்குப் போகும்போது புல்லி அதன் மேல் உரசலாம். கேஜின் மடிப்புகளில் செயின் இடிக்கலாம். டீரெய்லரைச் செய்தவர்கள் சொன்ன எண்ணிக்கையைத் தாண்டாமல் இருப்பதே நல்லது. கீழ்ப் புல்லியில் ஒரு பல் கூடுவதைச் சில கேஜ்கள் பொறுத்துக்கொள்ளும். மேல் புல்லியில் வேண்டவே வேண்டாம்.

கம்பெனிப் பாகமா, வெளிப் பாகமா?

உங்கள் டீரெய்லரின் பாக எண்ணில் அசல் இணை கிடைத்தால் அதையே வாங்குங்கள். மேல், கீழ் இரண்டும் சரியான வடிவத்தில், சரியான அகலத்தில், பெரும்பாலும் போல்ட்டோடு சேர்ந்தே வரும். கிடைக்காத பழைய மாடல்களுக்கு நெதர்லாந்தின் டாக்ஸ், தைவானின் கே.சி.என்.சி. போன்றவர்களின் புல்லிகள் இருக்கின்றன. அவற்றை வாங்கும்போது பொட்டலத்தில் பல் எண்ணிக்கை, எத்தனை ஸ்பீடுக்கானது, எந்தெந்த டீரெய்லருக்கு ஏற்றது, மேல் புல்லி தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்ற நான்கும் இருக்க வேண்டும். 'எல்லா சைக்கிளுக்கும் பொருந்தும்' என்று மட்டும் எழுதியிருந்தால் அதை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள். பல் எண்ணிக்கையும் அகலமும் ஒத்துப்போனால் அதே நிறுவனத்தின் அடுத்த மேல் வரிசைப் புல்லியைப் போடுவதும் நல்ல வழி. புஷ் இருந்த இடத்தில் சீல்டு பேரிங் கிடைக்கும்.

ஒரே ஒரு புல்லி மட்டும் கெட்டிருந்தாலும் இணையாகவே மாற்றிவிடுவது வழக்கம். கீழ்ப் புல்லி முதலில் அழுக்கடைவதால் அதுவே முந்திக்கொள்ளும், மேலுள்ளது பின்தொடரும்.

பொருத்தும் முறை

வேலையைத் தொடங்கும் முன், செயின் கேஜுக்குள் எப்படிப் போகிறது என்பதைப் பக்கத்திலிருந்து ஒன்றும் பின்னாலிருந்து ஒன்றுமாக இரண்டு படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு செயினைப் பின்னால் மிகச் சிறிய பல்சக்கரத்துக்கும் முன்னால் சிறிய செயின்ரிங்குக்கும் கொண்டுவந்து, செயின்ரிங்கிலிருந்து கீழே இறக்கிவிட்டால் இழுவை தளர்ந்துவிடும். செயினைப் பிரிக்க வேண்டிய அவசியமில்லை.

ஷிமானோவின் புல்லி போல்ட்டுகளுக்கு 3 மி.மீ. ஆலன் கீ போதும். போல்ட் தலையின் குழியில் அடைந்திருக்கும் கறுப்புப் பசையை ஊசியால் சுரண்டி எடுத்த பின்னரே கீயை நுழையுங்கள். முழு ஆழத்துக்குப் போகாத கீ குழியை வட்டமாக்கிவிடும். சில டீரெய்லர்களில் ஒரு போல்ட்டுக்கு இடப்பக்கத் திருகு இருப்பதுண்டு. வழக்கமான திசையில் அசையவே இல்லை என்றால், பலத்தைக் காட்டுவதற்கு முன் கையேட்டைப் பாருங்கள். கீழ்ப் போல்ட்டை முழுதாகக் கழற்றி, மேல் போல்ட்டைப் பாதி தளர்த்தினால் ஒரு தகடு கதவுபோல் விலகும். கீழ்ப் புல்லி கையில் வந்துவிடும். அதை மாற்றிய பிறகு மேல் புல்லிக்குப் போகலாம். ஒரு நேரத்தில் ஒரு புல்லி என்று வைத்துக்கொண்டால் தூசி மூடிகள் கலந்துபோகாது. கழற்றும் வரிசையிலேயே ஒரு துணியின் மேல் இடமிருந்து வலமாக அடுக்கி வையுங்கள்.

புதிதை மாட்டும் முன் தகடுகளின் உள்பக்கத்தைத் துடைத்தெடுங்கள். புஷ் வகை என்றால் குழலுக்குள் மெல்லிய கிரீஸ் பூசுங்கள். சீல்டு பேரிங்குக்கு உள்ளே எதுவும் வேண்டாம். புல்லியின் பக்கத்தில் அம்புக்குறி இருந்தால் அது சுழலும் திசை. சைக்கிளின் வலப்பக்கத்தில் நின்று பார்க்கும்போது கீழ்ப் புல்லி கடிகார முள் திசையிலும் மேல் புல்லி அதற்கு எதிர்த்திசையிலும் சுழலும். ஏனெனில் செயின் கீழ்ப் புல்லியின் பின்பக்கமாக ஏறி, மேல் புல்லியின் முன்பக்கமாகப் போகிறது. இரண்டின் அம்புகளும் ஒரே திசையைக் காட்டினால் ஏதோ ஒன்று திரும்பி உட்கார்ந்திருக்கிறது.

தகட்டை மூடும் முன் செயின் போகும் பாதையை இன்னொரு முறை பாருங்கள். இரு புல்லிகளுக்கும் நடுவே, தகட்டிலிருந்து நகம்போல் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு மடிப்பு ஒன்று பல கேஜ்களில் உண்டு; செயின் நழுவாமல் தடுப்பதற்கானது. செயின் அந்த மடிப்புக்கும் புல்லிக்கும் இடையே போக வேண்டும். மடிப்பின் மறுபக்கமாகப் போனாலும் எல்லாம் சுழலும், கியரும் மாறும். ஆனால் 'கர்ர்' என்ற ஓயாத அரைப்புச் சத்தம் வரும். ஒரு விடியற்காலையில் அவசரமாகப் பொருத்திக்கொண்டு கிளம்பி, அந்தச் சத்தத்தைப் புதுப் புல்லியின் இறுக்கம் என்று எண்ணி நாற்பது கி.மீ. போன பிறகுதான் நான் குனிந்து பார்த்தேன். மடிப்பின் விளிம்பு கத்திபோல் பளபளத்துக்கொண்டிருந்தது.

போல்ட்டின் திருகில் ஏற்கெனவே பூசிய பசை இல்லையென்றால், திருகு கழலாமல் பிடிக்கும் பசையான லாக்டைட்டில், நடுத்தர வலுவுள்ள நீல நிறத்தது ஒரு துளி இடலாம். ஷிமானோ சொல்லும் இறுக்கம் 2.5 முதல் 5 நியூட்டன் மீட்டர் வரை. குட்டை ஆலன் கீயை இரண்டு விரலால் பிடித்து இறுக்கும் அளவு. இறுக்கிய பின் இரண்டு புல்லிகளும் தடையின்றிச் சுழல்கின்றனவா, இரு தகடுகளும் இணையாக நிற்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

சைக்கிளை ஸ்டாண்டில் தூக்கி வைத்து, மிதியைக் கையால் சுற்றியபடி எல்லாப் பல்சக்கரங்களுக்கும் ஒருமுறை போய் வாருங்கள். மிகப் பெரிய பல்சக்கரத்தில் நிறுத்தி, மேல் புல்லி அதை உரசாமல் இடைவெளி விட்டு நிற்கிறதா என்று பக்கத்திலிருந்து பாருங்கள். இடைவெளி குறைவாக இருந்தால் டீரெய்லரின் பின்புறத்தில் ஹேங்கரைத் தொட்டபடி இருக்கும் 'பி' திருகை உள்ளே முடுக்கினால் புல்லி விலகும். அளவுக்கு மீறி விலக்கினால் கியர் மாற்றம் மந்தமாகும். பிறகு நடுப் பல்சக்கரம் ஒன்றில் வைத்து, கேபிள் முனையிலுள்ள திருகு பீப்பாயை ஒரு நேரத்தில் கால் சுற்று மட்டும் திருப்பி, சத்தம் அடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். நகர்வுள்ள மேல் புல்லி என்றால் அந்த அமைதியான இடம் சற்று அகலமாக இருப்பதைக் கையிலேயே உணரலாம். என் சிவப்புப் புல்லியில் அது ஊசிமுனை அளவுக்குத்தான் கிடைத்தது.

முதல் 50 கி.மீ. ஓடியபின் இரண்டு போல்ட்டுகளையும் ஒருமுறை கீ வைத்துத் தொட்டுப் பாருங்கள். கழற்றிய பழைய போல்ட்டுகளின் திருகு நன்றாக இருந்தால், அவற்றில் ஒன்றையும் பழைய கீழ்ப் புல்லியையும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு, சீட்டுக்குக் கீழுள்ள பையில் வைத்துக்கொள்ளலாம். இரண்டும் சேர்ந்தாலும் எடை சொற்பம்தான். நடுவழியில் போல்ட் தெறித்துப் போனால், கடை திறக்கும் ஊர் வரை ஓட்டிச் செல்ல அவை போதும்.